வளைகாப்பு முடிந்து தாய் வீடு வந்த பிறகு: 28ஆம் வாரத்திலிருந்து குழந்தை வீடு வரும்வரை என்னென்ன செய்ய வேண்டும்?

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, பெண்ணை அழைத்து வந்துவிடுகிறோம். அதோடு அவளுடைய மருத்துவமனையும் மாறுகிறது, மருத்துவரும் மாறுகிறார், ஊரும் மாறுகிறது. அதுவரை அவளைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த பல விஷயங்கள் இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரியாது. கடைசி மாதங்களின் சிக்கல்களில் பல இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன. அதனால் தொட்டில், துணிமணிக்கு முன்பாகக் காகிதங்களில் இருந்து தொடங்குவோம்.

நாள் கணக்கைச் சரிசெய்யுங்கள்

கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளோடு 280 நாள் சேர்த்தால் டியூ தேதி வரும். அது 40 வாரம். 28 நாளை ஒரு மாதமாக எண்ணினால் சரியாகப் பத்து மாதம். ‘பத்து மாதம் சுமந்தவள்’ என்ற பேச்சில் பிழையே இல்லை. காலண்டர்படி எண்ணினால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும்தான். வீட்டில் மாதத்தையும் மருத்துவமனையில் வாரத்தையும் எண்ணுவதால் குழப்பம் வருகிறது. ‘ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது’ என்று வீட்டில் சொல்லும்போது வயிற்றில் குழந்தைக்கு 35 வாரம்தான் ஆகியிருக்கும். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் அது குறைமாதம். இனி வீட்டிலும் வாரக் கணக்கையே பேசுங்கள். சமையலறைக் காலண்டரில் 28, 34, 37, 40 ஆகிய நான்கு வாரங்களையும் வட்டமிட்டு வையுங்கள். மாதவிடாய்க் கணக்கும் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் கணக்கும் ஒரு வாரத்துக்கு மேல் முரண்பட்டால், எந்தத் தேதியை எடுத்துக்கொள்வது என்று மருத்துவரிடம் கேட்டு தாய் சேய் நல அட்டையில் எழுதி வாங்குங்கள். ஒன்பதாம் மாத ஸ்கேனில் வேறு தேதி வந்திருந்தால் கலங்க வேண்டாம். அது குழந்தையின் அளவை வைத்துப் போட்ட கணக்கு, பழைய தேதியை மாற்றாது.

ஊர் மாறும்போது (28 முதல் 34 வாரம்)

34 வாரத்துக்குள் பயணத்தை முடித்துவிடுவது நல்லது. ரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. காரில் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள்; நீண்ட நேரம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து கர்ப்பக் காலத்தில் கூடுதல். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் போக வேண்டும்.

கையோடு வர வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் அறிக்கைகளும் (படம் மட்டும் போதாது, எழுதிக் கொடுத்த அறிக்கை வேண்டும்), ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி பரிசோதனை முடிவுகள், டிடி (ரணஜன்னி தடுப்பு) ஊசி போட்ட தேதிகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்ச் சீட்டு. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக் கணவர், அம்மா இருவருக்கும் அனுப்பிவிடுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு வேலை செய்யாமல் தடுக்கும் ஆன்டி டி ஊசியைப் பொதுவாக 28ஆம் வாரத்தில் போடுவார்கள். குழந்தைக்கு பாசிட்டிவ் வகை என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு மறுபடி போட வேண்டும். ஊர் மாறியவர்களுக்கு இந்த முதல் ஊசி எளிதாக விட்டுப்போகும்.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்ததும் கிடைக்கும் பிக்மி எண் 12 இலக்கம் கொண்டது. பிறப்பைப் பதியும்போது இதைக் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் என்றாலும் இது வேண்டும். தாய் வீட்டுப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரை, நகரமாக இருந்தால் நகர்ப்புற சுகாதார செவிலியரைப் பார்த்து, இங்கே வந்திருப்பதைச் சொல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. பணம் தாயின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ஆதாரில் அப்பா பெயர் இனிஷியல், வங்கியில் கணவர் பெயர் இனிஷியல் என்று இருந்தால் பணம் நின்றுவிடும். 30 வாரத்திலேயே இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். கைக்குழந்தையோடு வங்கி வரிசையில் நிற்பது மிகக் கடினம்.

புதிய மருத்துவமனையில் முதல் தடவையே கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கும் சிசேரியன் செய்ய மயக்க மருத்துவர் வருவாரா? ரத்தம் எங்கிருந்து வரும்? குழந்தைக்கு மூச்சுத் திணறினால் இங்கேயே பார்ப்பீர்களா, எங்கே அனுப்புவீர்கள்? இரவில் எந்த வாசல் திறந்திருக்கும்? அறை எப்படி இருக்கிறது என்பதைவிட இந்த நான்கின் பதில்தான் முக்கியம்.

கடைசிப் பரிசோதனைகளும் இரண்டு பயங்களும்

ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் 34 வாரத்துக்குள் அதை ஏற்ற முயல வேண்டும். பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தத்தைக்கூட ரத்தசோகை உள்ள உடம்பு தாங்காது. இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு வேலை செய்யாததற்குக் காரணம், விழுங்கும் விதம். காபி, டீக்குப் பின் ஒரு மணி நேரமாவது விட வேண்டும்; கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகத்தில் திடீர் வீக்கம் இருந்தாலோ அன்றே போக வேண்டும். மாலையில் கால் வீங்குவது பலருக்கும் வருவது; முகம் வீங்குவது அப்படியல்ல.

36 வார ஸ்கேனில் ‘கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது’ என்று வந்ததும் வீடே ஆடிப்போகும். இது மிகச் சாதாரணம். குழந்தை கழுத்தால் மூச்சுவிடுவதில்லை. தொப்புள்கொடி வழியாகத்தான் ஆக்சிஜன் போகிறது. கொடிச் சுற்று மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. வலி வரும்போது இதயத் துடிப்பைக் கண்காணிப்பார்கள், துடிப்பு இறங்கினால் அப்போது முடிவெடுப்பார்கள்.

இன்னொன்று நேரெதிர்: பயப்பட வேண்டிய இடத்தில் துணிந்து நிற்பது. சிசேரியன் உறுதி என்றால், ஜோதிடரிடம் நல்ல நேரம் குறித்து வந்து, ‘37ஆம் வாரத்தில் இந்த நாள், இந்த மணி’ என்று மருத்துவரை நெருக்குகிறார்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் வலி வராமலே எடுத்த குழந்தைகளுக்கு நுரையீரலில் நீர் வற்றாமல் மூச்சு இரைப்பது அதிகம். நல்ல நேரத்தில் பிறந்த பிள்ளை முதல் இரண்டு நாளைத் தாயைப் பிரிந்து கண்ணாடிப் பெட்டியில் கழிக்க வேண்டியிருக்கும். நேரம் பார்த்தே தீர வேண்டும் என்றால் 39 வாரம் முடிந்த பின்னுள்ள நாட்களில் பாருங்கள்.

அசைவை எண்ணுவது

28ஆம் வாரத்திலிருந்து தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். உதை, உருளல், அசைவு எல்லாம் கணக்கு. விக்கலைச் சேர்க்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். பலருக்கு அரை மணியிலேயே வந்துவிடும். அப்படி வழக்கமாக வருபவருக்கு ஒருநாள் ஒன்றரை மணி நேரம் ஆனால், பத்து வந்துவிட்டதே என்று விடாமல் போனில் கேளுங்கள். ‘கடைசி மாதம் இடம் இல்லை, அதனால்தான் அசையவில்லை’ என்று வீட்டில் சொல்வதை ஏற்காதீர்கள். அசைவின் விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போங்கள். மல்லாந்து படுத்தால் பெரிய ரத்தக் குழாய் அழுந்தும். 28 வாரத்துக்குப் பிறகு பக்கவாட்டில் படுப்பதே பாதுகாப்பு.

துணியும் படுக்கையும் (32 முதல் 36 வாரம்)

பிறந்த குழந்தைக்குப் பழைய பருத்தி வேட்டியைவிட மென்மையான துணி கடையில் கிடைக்காது. நாலு முழ வேட்டி ஒன்றிலிருந்து 60 செ.மீ. சதுரமாக லங்கோட்டுக்கு ஆறு துண்டுகள் எடுக்கலாம். தினமும் துவைப்பதானால் 30 துண்டுகள்; ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரசவம் என்றால் 40 வேண்டும், காயவே காயாது. ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். பிரிந்த நூல் குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். குழந்தை ஏன் அழுகிறது என்று யாருக்கும் புரியாது.

அந்த வேட்டி பீரோவில் பாச்சை உருண்டையோடு இருந்ததா என்று முதலில் பாருங்கள். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலின் குழந்தையின் உடலுக்குள் போனால், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரும். அந்தக் குறைபாடு யாருக்கு இருக்கிறது என்று பிறக்கும் முன் தெரியாது. துவைத்தாலும் வாடை போகாத துணியைக் குழந்தைக்கு எடுக்க வேண்டாம். குழந்தைத் துணி வைக்கும் அலமாரியில் இனி பாச்சை உருண்டையே கூடாது.

முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜப்லா ஆறு, தொப்பி மூன்று, காலுறை மூன்று ஜோடி, ஒரு மீட்டர் அளவில் தடித்த பருத்தித் துண்டு நான்கு, ரப்பர் ஷீட் இரண்டு, குடைக் கொசுவலை ஒன்று, டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. முதல் மாதத்துக்கு இது போதும். பால் பாட்டிலும் பால்பவுடரும் முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள். வீட்டில் இருந்தால், மூன்றாம் இரவு குழந்தை அழும்போது கை அதற்குத்தான் போகும். குழந்தைகளுக்கான பால்பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தாய்ப்பால் போதவில்லை என்று குழந்தை மருத்துவர் சொன்னால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

தூளியை உத்தரத்தில் கட்டி வைக்க எல்லோருக்கும் ஆசை. முதல் வாரங்களில் தூளியில் குழந்தையின் முகவாய் நெஞ்சில் கவிழ்ந்து மூச்சு தடைபடலாம். கடினமான, சமமான படுக்கையில், மல்லாக்க, தலையணை இல்லாமல் படுக்க வைப்பதே சரி. தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம்.

பிரசவப் பை (36ஆம் வாரத்தில் தயாராக இருக்கட்டும்)

ஒரே பெரிய பையில் எல்லாவற்றையும் திணிப்பதுதான் வழக்கமான தவறு. வலி நேரத்தில் தொப்பி கேட்பார்கள், கணவர் நைட்டிகளைக் கலைத்துத் தேடிக்கொண்டிருப்பார். மூன்றாகப் பிரியுங்கள்.

- பிரசவ அறைப் பை: ஃபைல், ஆதார், காப்பீட்டு அட்டை, குழந்தைக்கு இரண்டு தடித்த துண்டு, ஒரு ஜப்லா, தொப்பி, இரண்டு லங்கோடு, தாய்க்குப் பெரிய நாப்கின் ஒரு பாக்கெட்.
- தாய்ப் பை: முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி நான்கு, உள்பாவாடை நான்கு, பாலூட்டும் பிரா இரண்டு, வழுக்காத செருப்பு, ஃபிளாஸ்க், டம்ளர், கரண்டி, போன் சார்ஜர். சிசேரியன் ஆகலாம் என்பதால் உள்ளாடை வயிற்றுக்கு மேல் ஏறும் அளவில் இருக்கட்டும். தையல் மேல் பட்டை அழுந்தக் கூடாது.
- குழந்தைப் பை: பதினைந்து லங்கோடு, நான்கு ஜப்லா, இரண்டு துண்டு, ரப்பர் ஷீட். அழுக்குத் துணிக்குத் தனிப் பை ஒன்று.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், உணவு எல்லாம் இலவசம். பிரசவத்தின்போது பெண் துணை ஒருவர் உடன் இருக்கவும் வழி உண்டு. யார் அந்தத் துணை என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அழுகிறவர் வேண்டாம், தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடியவர் வேண்டும். ரத்தம் கொடுக்க இரண்டு பேரின் போன் எண்ணும் ஃபைலில் இருக்கட்டும்.

பெரியவர்களோடு முன்கூட்டியே பேச வேண்டியவை

இதைப் பிரசவத்துக்குப் பின் பேசினால் சண்டையாகும். 34 வாரத்தில், எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது பேசுங்கள். முடிந்தால் பாட்டியை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போய், அவர் வாயாலேயே கேட்க வையுங்கள். பாட்டி நோக்கத்தில் தவறே இல்லை, செய்முறையில்தான் ஆபத்து இருக்கிறது.

சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். முதல் இரண்டு மூன்று நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அளவு சில தேக்கரண்டிதான், ஆனால் குழந்தையின் வயிறும் அவ்வளவுதான்; நோய் எதிர்ப்பு அதில்தான் செறிந்திருக்கிறது. உரை மருந்தும் வசம்பும் உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். கண் மையில் ஈயம் இருக்கக்கூடும், அதைக் கண்ணுக்குள் தீட்ட வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, மார்பில் பால் எடுக்கிறேன் என்று பிதுக்குவது ஆகிய மூன்றும் சளியும் சீழும் வரக் காரணமாகின்றன. சாம்பிராணிப் புகை முடியைத்தான் உலர்த்துகிறது, நுரையீரலைப் புண்ணாக்குகிறது. தொப்புளில் மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் போடாமல் உலர விடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். முதல் குளியலுக்கு 24 மணி நேரமாவது பொறுங்கள், குழந்தை சூட்டை இழந்துவிடும்.

எண்ணெய் தேய்த்து இதமாக நீவிவிடுவது, தாலாட்டு, பூண்டுக் குழம்பு, கருப்பட்டி எல்லாம் தாராளமாகத் தொடரட்டும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதைத்தான் விட வேண்டும். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிடத் தண்ணீரும் கூடுதல், சாப்பாடும் நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதல். கீரையும் பழமும் நிறுத்தினால் மலச்சிக்கல்; தையல் போட்ட இடத்தில் அது படுத்தும் பாடு கொடுமை.

வலி வந்தால்

சூட்டு வலியா, நிஜ வலியா என்று பார்க்க வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். கொடுக்கலாம். தண்ணீர் குடித்து, நடந்து, பக்கம் மாறிப் படுத்தும் குறையாமல், இடைவெளி சுருங்கி, இடுப்பிலிருந்து முன்வயிறுவரை இறுக்கிப் பிடித்தால் நிஜ வலி. ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை கடிகாரத்தில் பாருங்கள். தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரமாக இப்படியே என்றால் கிளம்புங்கள். மருத்துவமனை ஒரு மணி நேரத் தொலைவு என்றால் பத்து நிமிட இடைவெளியிலேயே கிளம்ப வேண்டும். வலியைக் கூட்ட விளக்கெண்ணெய் குடிக்காதீர்கள். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றித் தெம்பு போய்விடும்.

பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ரத்தம் கொட்டினாலும், 37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு வலி வந்தாலும் அப்படியே. 108ஐ அழைக்கும்போது அடையாளம் சொல்ல ஒரு கோயிலோ பள்ளியோ யோசித்து வையுங்கள். வீட்டிலிருந்து ஒருவர் டார்ச்சோடு தெருமுனையில் நிற்கட்டும். இரு சக்கர வாகனம் வேண்டவே வேண்டாம்.

மருத்துவமனையை விட்டு வரும் முன்

முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுத்துப் பால் குடிக்க வேண்டும். சிசேரியனிலும் உதவியோடு முடியும். வைட்டமின் கே ஊசி, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி (மஞ்சள் காமாலை பி) தடுப்பூசி, காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு ஆகியவை போட்டதற்கு அட்டையில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடக் காப்பர் டி போட விரும்பினால் பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் போடலாம். அதைக் கர்ப்பத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

பிறப்பு 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். பிறந்த ஊரில்தான் பதிவு, சொந்த ஊரில் அல்ல. மருத்துவமனைப் படிவத்தில் தாய் தந்தை பெயர் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தவறினால் புகுந்த வீட்டிலிருந்து இந்த ஊருக்கு அலைய வேண்டிவரும். குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றால் ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம்.

வீட்டுச் சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுதுங்கள். குழந்தை: ஆறாம் நாளிலிருந்து நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும், 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல், நெஞ்சு உள்வாங்குதல், 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், உடம்பு சில்லிடுதல், வலிப்பு, முதல் நாளிலேயே மஞ்சள், எப்போதானாலும் உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு இருந்தால் உடனே மருத்துவமனை. வெயில் காட்டிப் பார்ப்போம் என்று நாளைக் கடத்த வேண்டாம். தாய்: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, காய்ச்சல், தீட்டில் துர்நாற்றம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, தலைவலியோடு கண் மங்கல். இவை ஆறு வாரம்வரை எப்போதும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் நீடித்தாலும், குழந்தையைத் தொடவே பிடிக்காமல் போனாலும் அதே தாளில் உள்ள அதே மருத்துவர் எண்ணைக் கூப்பிடுங்கள்.